பிரித்து ஊற்றி விற்கும் வாசனைத் திரவியம்: 38,500 ரூபாய் போய்விட்டது, கவனம்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 38,500 ரூபாய். ஐந்து குட்டிப் போத்தல்கள். அவற்றில் ஒன்றுகூட அரை மணி நேரம் மணக்கவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இரவோடிரவாக உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போனால் போகட்டும்" என்று விட்டுவிடுவேன். அந்தக் கடை எதிர்பார்ப்பதும் அதைத்தான். வாசனைத் திரவியம் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இணையத்தில் மட்டும் இயங்குகிற கடை. வெளிநாட்டுப் பெரிய போத்தல்களை வாங்கி, ஐந்து மில்லிலீற்றர், பத்து மில்லிலீற்றர் என்று சிறு போத்தல்களில் பிரித்து ஊற்றி விற்கிறார்கள். இந்திய அத்தர்களும் வைத்திருக்கிறார்கள். பிரித்து விற்பது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம்தான், அதில் பிழை இல்லை. முழுப் போத்தலுக்குக் காசைக் கொட்டிவிட்டுப் பிடிக்கவில்லை என்று மூலையில் வைப்பதைவிட, கொஞ்சமாக வாங்கிப் பூசிப் பார்த்து, பிடித்ததை மட்டும் சேர்த்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம். கிளிநொச்சியில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. இங்கே கடைகளில் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருப்பதை மணந்து பார்க்கத் தர மாட்டார்கள். திறந்து மணந்து வாங்க வேண்டுமென்றால் கொழும்புக்குத்தான் பஸ் ஏற வேண்டும், ஓர் இராப் பயணம்.

எனக்குக் காரமான வாசனைகள் ஒத்துவராது. காலையில் ஏ9 வீதி பஸ்ஸில் பத்துப் பேர் பத்து வகை ஸ்பிரே அடித்துக்கொண்டு வந்தால் ஆனையிறவு தாண்டுவதற்குள் தலையிடி வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரிகிற, ஆனால் எழுந்து போன பிறகும் நினைவில் நிற்கிற வாசனைதான் என் விருப்பம். அந்தக் கடைக்கு எழுதியபோதும் இதைத்தான் கேட்டேன். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த வன்னி மண்ணில் ஐப்பசி மழையின் முதல் துளி விழும்போது எழுகிற மணம் போத்தலில் கிடைக்குமா என்றும் கேட்டேன்.

நான் அந்தக் கடையை நம்பியது இந்த இடத்தில்தான். பதில் எழுதிய பையன் பொருளைத் தள்ளிவிடப் பார்க்கவில்லை. "அக்கா, அந்த மணத்தைச் சொல்லுங்கள், கேட்டுவிட்டுத்தான் தெரிவு செய்வேன்" என்றான். குரல்பதிவில் எங்கள் வளவைச் சொன்னேன், குளக்கட்டைச் சொன்னேன், மழைக்கு முன் காற்று நின்றுபோவதைச் சொன்னேன். அவன் பாடம் நடத்தாத குறையாக விளக்கினான். 1964 இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் நேச்சர் சஞ்சிகையில் இந்த மணத்துக்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு வெகு காலம் முன்பே உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இதை அத்தராக வடித்துக்கொண்டிருந்தார்கள். களிமண்ணைச் சிறு வில்லைகளாகச் சுட்டு, செம்புக் கொப்பரையில் தண்ணீரோடு போட்டு, வாயை மண்ணால் பூசி அடைத்து, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக இறங்கி, சந்தன எண்ணெய் ஊற்றி வைத்த பாத்திரத்தில் போய்ச் சேரும். சந்தனம்தான் அந்த மண் மணத்தைப் பிடித்து வைத்திருக்கும். மிட்டி அத்தர் என்று பெயர்.

அவன் சொன்னதையெல்லாம் பிறகு தேடிப் பார்த்தேன். அத்தனையும் உண்மை. போத்தலுக்குள் இருந்தது மட்டும்தான் பொய்.

அதோடு நிற்கவில்லை. காசு எதுவும் கேட்காமல் வெட்டிவேர் எண்ணெய் கொஞ்சம், சுண்டுவிரல் நகம் அளவுக் குப்பியில் அனுப்பினான். அது அசல். இலேசான பச்சை ஓடியிருந்தது. செம்பில் வடித்தால் அந்த நிறம் ஏறுவதுண்டு. கைலேஞ்சியில் ஒரு துளி வைத்தேன், தோய்த்துக் காயப்போட்ட பிறகும் மணம் போகவில்லை. அம்மா வாங்கி மணந்துவிட்டுத் தன் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

கேட்டவை இவை: மிட்டி அத்தர் ஒன்று, சந்தன அத்தர் ஒன்று, இரண்டும் 16,500 ரூபாய். பிரெஞ்சுப் போத்தல்களிலிருந்து பிரித்த மூன்று, 22,000 ரூபாய். அந்த மூன்றும் ஓ டி பர்ஃபம் வகை, அதாவது வாசனைச் சாறு ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை இருக்க வேண்டியவை. மொத்தம் 38,500. பொருள் கையில் கிடைத்த பிறகு காசு தருகிறேன் என்றேன். "வன்னிப் பக்கம் அந்த வசதி இல்லை அக்கா, கூரியர்காரர் ஏற்க மாட்டார்" என்றான். அதே கூரியரில் என் தங்கச்சி மாதா மாதம் உடுப்பு வாங்கி வாசலில் காசு கொடுக்கிறாள்! ஆனாலும் அசல் வெட்டிவேர் கையில் இருந்ததால் வங்கியில் வைப்புச் செய்தேன். தனிநபர் ஒருவரின் கணக்கு.

பெட்டி வந்தது. மிட்டி அத்தர்ப் போத்தலில் பெயர்ச்சீட்டு கோணலாக ஒட்டியிருந்தது. அதன் விளிம்புக்கு வெளியே முன்பு ஒட்டியிருந்த இன்னொரு சீட்டின் பசை அழுக்குப் பிடித்துக் கிடந்தது. மணந்தேன். முதலில் ஏதோ ஈர மண் போல ஒன்று, பிறகு இனிப்பாக ஒரு வாடை, பிறகு ஒன்றுமில்லை. மூன்று ஸ்பிரேகளும் ஸ்பிரிட் மணந்தன. அம்மா ஒன்றை வாங்கி மணந்து, "என்ன பிள்ளை, ஊசி போட முன்னம் பூசுகிற மருந்தை வாங்கி வந்திருக்கிறாய்?" என்றார்.

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, சந்தன அத்தரில் ஒரு சொட்டு விட்டேன். சந்தன எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே திட்டாக நிற்கும். இது பாகு போல நூல் நூலாக இறங்கிக் கரைந்து காணாமல் போனது. அத்தருக்குள் மலிவாகக் கலக்கிற, தண்ணீரில் கரையும் கிளைக்கோல் வகைத் திரவமாகத்தான் இருக்க வேண்டும். ஸ்பிரேயைத் தண்ணீரில் அடித்தேன். சாறு உள்ளதென்றால் தண்ணீர் கொஞ்சமாவது கலங்கும். கிணற்றுத் தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. தம்ளரைப் படம் எடுத்து அனுப்பினேன்.

அதன் பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில், "உங்கள் தோல் வறண்ட தோலாக இருக்கும் அக்கா, அதில் வாசனை நிற்காது." தோலில் அல்ல, துணியில்தான் அடித்தேன் என்றேன். "கிளிநொச்சி வெயில் அப்படி." வெயிலில் மேல்வாசனை, அதாவது பூசியவுடன் முதலில் எழுகிற மணம், சீக்கிரம் பறக்கும், ஒத்துக்கொள்கிறேன், சந்தனமும் வெட்டிவேருமா பறக்கும்? அதே வெயிலில்தானே அவன் இனாமாக அனுப்பிய குப்பி இன்னும் மணக்கிறது? பிறகு, "இருட்டில் சில கிழமை வையுங்கள், முதிரும்." பிறகு, "உங்களுக்குக் கொரோனா வந்திருந்ததா? மூக்கு மந்தமாகியிருக்கலாம்." வீட்டில் எல்லோருக்கும், கந்தோரில் பக்கத்து மேசைக்காரிக்கும் மூக்கு மந்தமா தம்பி என்று கேட்டதற்கு வந்த பதில்தான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது: "மெல்லிய வாசனைதான் வேண்டும் என்று நீங்கள்தானே அக்கா கேட்டீர்கள்?"

எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள். சட்டை கிழிந்திருந்தால் படம் எடுத்துக் காட்டலாம். மணக்கவில்லை என்பதை எப்படிப் படம் எடுப்பது? அதனால்தான் குற்றத்தை வாங்கியவரின் தோலுக்கும் மூக்குக்கும் ஊருக்கும் தள்ளிவிட முடிகிறது. மெல்லிய வாசனை கேட்பவர்கள்தான் இவர்களுக்கு மிக வசதியான வாடிக்கையாளர்கள், தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு "மென்மை" என்று சொல்லிவிடலாம். மென்மையான வாசனை நாள் முழுக்க அடங்கிய குரலில் பேசிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் செத்துப்போகாது.

காசைத் திருப்பிக் கேட்டதும் பையன் மறைந்துவிட்டான். "பொறுப்பாளர்" என்று ஒருவர் வந்தார். திறந்த போத்தலைத் திருப்பி எடுப்பதில்லையாம். திறக்காமல் எப்படி மணப்பது என்றதற்குப் பதில் இல்லை. அடுத்த நாள் என்னைத் தடை செய்துவிட்டார்கள். வங்கியில், நீங்களே வைப்புச் செய்த காசு, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, "சென்ட் போத்தலுக்கா 38,500?" என்று சிரித்தார். ஆமாம், சென்ட் போத்தலுக்குத்தான். என் சம்பளக் காசு, நான் நகைக்கும் கொடுப்பேன் நறுமணத்துக்கும் கொடுப்பேன். திருட்டுத் திருட்டுத்தானே?

இன்னொன்றும் நடந்தது. தங்கச்சியின் கைபேசியில் அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். மிட்டி அத்தருக்குப் புது விளம்பரம் போட்டிருக்கிறார்கள். காய்ந்த வளவு, குளக்கட்டு, மழைக்கு முன் நின்றுபோகும் காற்று. என் குரல்பதிவில் நான் சொன்ன வரிகள், அதே ஒழுங்கில். கீழே பலர் விலை கேட்டிருக்கிறார்கள்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. தனிநபர் கணக்குக்குக் காசு போடாதீர்கள். வாசலில் காசு வாங்க மறுத்தால் விட்டுவிடுங்கள். இனாமாக வந்த குப்பி நன்றாக இருப்பதற்கும் விலைக்கு வரப்போகும் போத்தலுக்கும் தொடர்பு இல்லை. பிரித்து ஊற்றுவதானால் மூலப் போத்தலின் அடியில் உள்ள தொகுதி இலக்கம் தெரிய, உங்கள் பெயரை எழுதிப் பக்கத்தில் வைத்துக் காணொளி கேளுங்கள். பெட்டியைத் திறப்பதையும் படம் பிடியுங்கள். அசல் சந்தன எண்ணெய் கிலோ இலட்சக்கணக்கில் விற்கிறது, அதனால் சில நூறு ரூபாய்க்குச் "சுத்த சந்தன அத்தர்" என்று எவராவது சொன்னால் பேச்சை வளர்க்காதீர்கள். என்னிடம் கேட்டது அப்படி மலிவும் அல்ல, 38,500.

நுகர்வோர் விவகார அதிகார சபையின் இலக்கம் 1977. வங்கிச் சீட்டையும் உரையாடலின் படங்களையும் சேர்த்துக் கடிதமாகவும் அனுப்பியிருக்கிறேன். இதே மாதிரிப் பிரித்து விற்கிற இடத்தில் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் போத்தல்களை எறிந்துவிடாதீர்கள், வைப்புச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். சேர்ந்து முறையிடுவோம்.