டென்மார்க் கல்யாணம், ஜெர்மனி விசா: ஏஜென்சிகள் வாய் திறக்காத விஷயம்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம்மவர்கள், வேறு நாட்டுத் துணையைக் கல்யாணம் செய்ய டென்மார்க் போவது இப்போது சகஜமாகிவிட்டது. அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லும், அதில் குறை ஒன்றும் இல்லை. அதை வைத்து விசாவும் கிடைத்துவிடும் என்று சொல்லி, கல்யாணத்தை ஏற்பாடு செய்யும் ஏஜென்சிக்காரர்கள் பணம் பிடுங்குகிறார்களே, எச்சரிக்கை அதைப் பற்றித்தான்.

ஒரு ஜோடிக்கு நடந்ததை அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறோம். அவர் தமிழ்நாட்டுக்காரர், ப்ளூ கார்டில் (உயர்தகுதி வேலையில் உள்ள வெளிநாட்டவருக்கான தங்கும் அனுமதி) இருக்கும் பொறியாளர். அந்தப் பெண் பிலிப்பைன்ஸ் நாட்டவர். ஏஜென்சிக்காரர் போனில் சொன்னது: "டூரிஸ்ட் விசாவில் வரட்டும். டென்மார்க்கில் கல்யாணத்தை முடிங்க. ஜெர்மனியிலேயே ரெசிடன்ஸ் பெர்மிட் எடுத்துக்கலாம், ஊருக்குத் திரும்பவே வேண்டாம்." கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில் இருந்ததோ வேறு. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், "தங்கும் உரிமை தொடர்பான எதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆவுஸ்லேண்டர்பெஹோர்டேயில் (வெளிநாட்டினர் அலுவலகம்) விண்ணப்பத்தை நிராகரித்து, நாட்டைவிட்டுக் கிளம்பக் கெடு வைத்து ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். புது மனைவி மணிலாவுக்குத் திரும்பி, விசா வரிசையில் முதலிலிருந்து நிற்க வேண்டியதாயிற்று. ஏஜென்சி அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டிக் கை கழுவிவிட்டது.

முதலில், ஏன் டென்மார்க்? ஜெர்மனியின் ஸ்டாண்டஸ்அம்ட்டில் (பதிவு அலுவலகம்) கல்யாணம் செய்ய, வெளிநாட்டவர் தமக்குத் திருமணத் தடை இல்லை என்று சொந்த நாட்டிலிருந்து சான்று தர வேண்டும். ஜெர்மனி கேட்கும் வடிவில் இந்தியா அதைத் தருவதில்லை. அதனால் மாநில உயர் நீதிமன்றத்திடம் விலக்கு வாங்க வேண்டும். இந்தியாவின் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு வைக்கும்) முத்திரையையும் ஜெர்மனி ஏற்பதில்லை. பிறப்புச் சான்றிதழை ஜெர்மன் தூதரகம் ஒரு வக்கீலை வைத்து ஊரிலேயே விசாரித்து உறுதி செய்யும். இதற்கே பல மாதம் ஓடிவிடும். டென்மார்க்கில் இந்த இழுபறி இல்லை.

அங்கே செய்ய வேண்டியது இவ்வளவுதான். 2019 முதல் ஃபமிலியரெட்ஸ்ஹுசெட் என்ற அரசு முகமை, நீங்கள் அங்கே திருமணம் செய்யலாம் என்ற சான்றை வழங்குகிறது. ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் ஸ்கேன், இருவரும் உறவில் இருப்பதற்கான ஆதாரம் (சேர்ந்து எடுத்த படங்கள், பயண டிக்கெட்டுகள், பேசிய பதிவுகள்), முந்தைய திருமணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு, ஷெங்கன் பகுதியில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) சட்டப்படி இருப்பதற்கான விசா அல்லது ரெசிடன்ஸ் கார்டு ஆகியவை வேண்டும். கட்டணம் சுமார் 2,000 டேனிஷ் குரோனர். நிராகரித்தால் திரும்பக் கிடைக்காது. சான்று 4 மாதம் செல்லும், அதைக் காட்டி எந்த நகராட்சியிலும் தேதி கேட்கலாம். அசல் ஆவணங்களோடு இருவரும் நேரில் போக வேண்டும். ஏஜென்சி செய்வதும் இதே படிவத்தை நிரப்புவதுதான். இதற்கு அரசுக் கட்டணத்தைப் போல் பல மடங்கு கேட்பவர்கள் உண்டு. "ஜெர்மனியில் திருமணப் பதிவு" என்று பில்லில் தனி வரி போட்டும் வாங்குவார்கள். கல்யாணம் முடிந்து கிடைக்கும் டேனிஷ் திருமணச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் பூர்கர்அம்ட்டுக்கு (குடிமக்கள் சேவை அலுவலகம்) போனால் உங்கள் குடும்ப நிலையை மாற்றிக்கொடுப்பார்கள். அதற்கு இடைத்தரகர் தேவையே இல்லை.

இனி, விசா எங்கே சிக்குகிறது என்று பார்ப்போம். ஜெர்மனிக்கு வந்த பிறகு தங்கும் உரிமை புதிதாக உண்டானால், ஊருக்குப் போகாமலே விண்ணப்பிக்கலாம் என்று ஒரு விதி உண்டு. தங்குமிட ஆணையின் 39-ஆம் பிரிவு, 3-ஆம் எண். ஏஜென்சிகள் காட்டும் விதி இதுதான். ஆனால் "வந்த பிறகு" என்பது கடைசியாக ஜெர்மனிக்குள் நுழைந்ததற்குப் பிறகு என்று லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2011 ஜனவரியிலேயே தீர்ப்பளித்துவிட்டது. கல்யாணம் டென்மார்க்கில். அது முடிந்து எல்லை தாண்டி ஜெர்மனிக்குத் திரும்புவதுதான் கடைசி நுழைவு. அதாவது உரிமை, நுழைவுக்கு முன்பே வந்துவிடுகிறது. அதனால் அந்த விதி உங்களுக்குப் பொருந்தாது.

"விண்ணப்பம் போட்டுவிட்டால் முடிவு வரும்வரை தங்கலாம்" என்பது அடுத்த பொய். ரெசிடன்ஸ் கார்டு உள்ளவர் புதுப்பிக்கப் போடும்போது அது உண்மை. குறுகிய கால ஷெங்கன் விசாவுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று தங்குமிடச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. விசா நாள் முடிந்தால், அதன் பிறகு இருப்பது சட்டவிரோதம்.

இதைவிட ஆபத்தானது, பொய்யான பயண நோக்கம். நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தை மறைத்து, போலி ஹோட்டல் புக்கிங்கோடு சுற்றுலா விசா வாங்கச் சொல்கிறார்கள். அந்த விண்ணப்பம் கோப்பில் இருக்கும். தவறான தகவல் தந்து விசா வாங்கியதாக முடிவு செய்தால், அது வெளியேற்றத்துக்கும் குற்ற வழக்குக்கும் காரணமாகலாம். விசாவில் மாட்டுவது நீங்கள், சொல்லிக்கொடுத்த ஏஜென்சி அல்ல.

"போன மாதம் ஒருவருக்கு இப்படியே கிடைத்ததே" என்பார்கள். கிடைத்திருக்கலாம். அவர் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேளுங்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இஸ்ரேல் நாட்டவர் விசா இல்லாமல் வந்து ஜெர்மனிக்குள்ளேயே பெர்மிட் கேட்கலாம். மலேசியருக்கு 90 நாள் விசா இல்லாமல் வர முடியும், ஆனால் இந்தச் சலுகை அவர்களுக்கு இல்லை. மலேசியத் தமிழரைக் கல்யாணம் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் ஏற்கெனவே வாழ்பவர் பிரான்ஸ், இத்தாலி போன்ற வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் குடிமகனாக இருந்தால் சட்டமே வேறு.

டூல்டுங் (நாடு கடத்துவதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருப்பதற்கான தாள்) மட்டும் கையில் உள்ள இலங்கைத் தமிழ் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. அது தங்கும் அனுமதி அல்ல. அதோடு டென்மார்க்குக்குள் போனால், போன கணமே அது காலாவதி. இரு பக்கமும் எல்லைச் சோதனை நடக்கிறது. காரில் கூட்டிப்போகிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

சரியான வழி மெதுவானதுதான். கல்யாணத்தை எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். பிறகு துணைவர் தன் நாட்டிலுள்ள ஜெர்மன் தூதரகத்தில் குடும்ப இணைப்பு தேசிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 75 யூரோ. ஜெர்மன் குடிமக்களின் துணைவருக்கு இலவசம். பொதுவாக ஏ1 (தொடக்க நிலை) ஜெர்மன் தேர்வு கேட்பார்கள், ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைவருக்கு அது வேண்டாம். இது தெரியாமல், ஏஜென்சி தலையில் கட்டும் மொழி வகுப்புக்குத் தனியாகப் பணம் கட்டாதீர்கள். பிலிப்பைன்ஸ் நாட்டவர் என்றால் கல்யாணத்தைத் தங்கள் தூதரகத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டவரை மணந்து குடிபெயர்வோருக்கான ஆலோசனை வகுப்பை முடித்து, சி.எஃப்.ஓ. (வெளிநாடுவாழ் பிலிப்பினோக்களுக்கான அரசு ஆணையம்) சான்றையும் வாங்க வேண்டும். விசா இருந்தும் அந்தச் சான்று இல்லாமல் மணிலா விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் விசா முடியும் முன்பே ஒரு குடியேற்றச் சட்ட வக்கீலைப் பாருங்கள். வேறு கட்டணம் பேசி ஒப்புக்கொள்ளாவிட்டால், தனிநபருக்கு முதல் ஆலோசனைக் கட்டணம் 190 யூரோவையும் வரியையும் தாண்டக் கூடாது என்பது சட்டம். காரிட்டாஸ், டியாகோனி, ஆவோ ஆகிய தொண்டு நிறுவனங்களின் குடியேறியோர் ஆலோசனை மையங்களில் இலவசமாகவே கேட்கலாம். கர்ப்பம், கைக்குழந்தை போன்ற நிலையில் விசா நடைமுறையைத் தளர்த்த அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது அவர்கள் விருப்பம். ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், கிளம்பும் முன் ஆவுஸ்லேண்டர்பெஹோர்டேயிடம் ஃபோர்ஆப்சுஸ்டிமுங் என்ற முன்கூட்டிய சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள். தூதரகத்தில் காத்திருப்பு வெகுவாகக் குறையும். கெடு வைத்த தாள் கொடுத்திருந்தால் அதை எல்லைக் காவலரிடம் கொடுத்து விட்டுப் போங்கள். கெடுவுக்குள் வெளியேறியதற்கு அதுதான் அத்தாட்சி.

பணத்தைப் பொறுத்தவரை, ஆன்லைனில் செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. "உடனே வேலையைத் தொடங்க சம்மதிக்கிறேன்" என்ற கட்டத்தில் டிக் அடிக்க வைப்பது அதைக் குறைப்பதற்கே. போனில் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் எழுதி, "இப்படித்தானே சொன்னீர்கள், உறுதிப்படுத்துங்கள்" என்று கேளுங்கள். ஜெர்மனியில் தனிநபருக்குச் சட்ட ஆலோசனை சொல்லித் தொழில் நடத்த வக்கீல்களுக்கும் அனுமதி பெற்றவர்களுக்கும் மட்டுமே உரிமை. அதனால் விசா பற்றி எழுதித் தர ஏஜென்சிக்காரர்கள் தயங்குவார்கள். எழுதித் தராதவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.