புதுச்சேரியில் வாங்கிய பழைய வேகன் ஆர்: பேசியதும் வந்ததும்

அம்மாவை மாதம் ஒரு தடவை ஜிப்மருக்கு அழைத்துப் போகவேண்டும். பஸ்ஸில் ஏறி இறங்க அவரால் இனி முடியாது. அதற்காகவே புதுச்சேரியில் ஒரு பழைய கார் விற்பனை நிலையத்தில் 2018 மாடல் வேகன் ஆர் ஒன்றை 3,60,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். சிங்கிள் ஓனர், பிஒய் 01 பதிவு. ஓட்டிப் பார்த்தேன், இன்ஜின் அருமை. “பக்கா கண்டிஷன் சார், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்” என்றார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு வண்டி வந்தபோது இரவு ஏழரை. தெருவிளக்கில் பளபளவென்று நின்றது. கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிவிட்டேன்.

காலையில் இடது பின்கதவின் அடி ரப்பரை விலக்கினால், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருக்கிறது. நகத்தால் அழுத்தியதும் ஒரு சில்லு பெயர்ந்து, துரு விரலில் அப்பியது. வயிற்றைக் கலக்கிவிட்டது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரி எப்படி மூழ்கியது என்று பார்த்தவர்கள்தானே நாம்! சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார்த்தேன், சேற்றுக் கறை இல்லை. மெக்கானிக்கும் தண்ணீர் ஏறிய வண்டி இல்லை என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அப்புறம் ஸ்டெப்னி. டயரில் 2218 என்று இருந்தது, அதாவது 2018-இன் 22-ஆவது வாரத்தில் தயாரானது. ரப்பர் முழுக்க வெடிப்பு. டயர் எல்லாம் புதுசு என்றுதான் பேச்சு. ஸ்டெப்னியும் அதில் சேர்த்தியா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

போன் செய்தால், “கடற்கரை ஊர் வண்டிக்கு இது சகஜம் சார். கண்டிஷன்னா நாங்க இன்ஜின், கியர்பாக்ஸ், பேப்பரைத்தான் சொல்வோம்” என்கிறார். உப்புக்காற்று பொய்யில்லை, எங்கள் வீட்டு கேட்டையே அரிக்கிறது. ஆனால் ரப்பருக்குள் இருப்பது வாங்குகிறவர் கண்ணில் எப்படிப் படும்? தெரிந்தவர்கள் காட்டியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் பேசியதில் ஸ்டெப்னியை மாற்றித் தந்தார்கள், டிங்கரிங் செலவில் பாதியும் கொடுத்தார்கள். வண்டியைத் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றத் தேவையான என்ஓசி (தடையில்லாச் சான்று) சொன்ன தேதிக்கு வந்தது, அதில் குறையே இல்லை. அங்கே வாங்குவதானால் பகலில் டெலிவரி கேளுங்கள், கண்டிஷனில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. கதவை முதலிலேயே காட்டியிருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன், வண்டியையும் வாங்கியிருப்பேன்.