பனியாற்றுக் கல்மாவு: ஒரு கிலோ பை, மூன்று மாதம்

வேப்பம்புண்ணாக்கு வாங்கப் போன இடத்தில்தான் இந்தப் பையைப் பார்த்தேன். வெளிர் சாம்பல் நிறத் தூள், ஒரு கிலோ, 14 சிங்கப்பூர் வெள்ளி. கனடாவில் பனியாறு (மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டி) அரைத்துப் போட்ட கல் என்றும், இதைக் கலந்தால் எந்தத் தொட்டி மண்ணும் ‘லோம்’ ஆகிவிடும் என்றும் உறையில் போட்டிருந்தது. கடைக்காரப் பெண்மணியும் அதையே சொன்னார். கடை பெயரும் தயாரிப்பின் பெயரும் இங்கே வேண்டாம். பையில் இருந்ததைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

மண் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இது 22ஆவது வருடம். எம்ஆர்டி ரயில் வேலைக்கும் வீவக அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் துளை போட்டு எடுத்துவரும் மண்ணைச் சலிப்பதும் கரைப்பதும் காயவைப்பதும்தான் பிழைப்பு. ‘லோம்’ என்ற சொல்லைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஊரில் அப்பா ‘இருமண்பாடு’ என்பார். மணலும் இல்லை, களியும் இல்லை, இரண்டும் அளவாகச் சேர்ந்த நிலம். மண்ணை வகை பிரிக்கும் அமெரிக்க வேளாண் துறையின் முக்கோணப் படத்தில் இதற்குக் கணக்கே உண்டு: களி 7 முதல் 27 விழுக்காடு, வண்டல் (மணலைவிடப் பொடி, களியைவிடப் பெரிய துகள்) 28 முதல் 50, மணல் 52க்கு மேல் போகக் கூடாது. அது துகள் அளவின் பெயர். சத்துக்கான சான்றிதழ் என்று நினைத்துவிடக் கூடாது.

பனியாறு செய்த நிஜமான இருமண்பாட்டை நான் கையால் தோண்டிப் பார்த்திருக்கிறேன். அக்கா அமெரிக்காவில், இந்தியானாவில் இருக்கிறாள். 2019இல் போனபோது, வீட்டுப் பின்புறம் மரம் நட ஒரு குழி வேண்டும் என்றாள். “தம்பி, நீதான் மண்ணுக்காரன் ஆச்சே” என்று மண்வெட்டியைக் கொடுத்தாள். மேலே முக்கால் அடி பழுப்பு மண், மாவு போல வழவழப்பு. காற்று கொண்டுவந்து போட்ட வண்டல் அது. அதற்குக் கீழே களி கூடி, விரலில் ஒட்டியது. உடைத்த கட்டிகளின் மேல் களி மெல்லிய தோல் போலப் படிந்து பளபளத்தது. மூன்றடியில் மண்வெட்டி ‘டங்’ என்றது. பாறை இல்லை. சிமெண்ட் போல இறுகிய சாம்பல் பழுப்பு மண், அதற்குள் தாறுமாறாகக் கூழாங்கற்கள். அக்கா வீட்டு வினிகரை ஊற்றினேன், பொங்கியது. பனியாறு வரும் வழியில் சுண்ணாம்புப் பாறையை அரைத்திருக்கிறது.

அந்த அடிமண்ணைத்தான் ‘டில்’ என்கிறார்கள். ஆறு சுமந்து வரும் மண்ணைத் தண்ணீர் தரம் பிரித்துவிடும்: கல் ஓரிடம், மணல் ஓரிடம், களி ஓரிடம். பனிக்கு அந்தப் பழக்கம் இல்லை. களியையும் பாறாங்கல்லையும் ஒன்றாக இழுத்து வந்து, தன் எடையால் அழுத்தி, அப்படியே போட்டுவிட்டுப் போகும். குழியில் இளஞ்சிவப்பு கிரானைட் கல் ஒன்று கிடைத்தது. இந்தியானாவில் அந்தக் கல்லுக்கு இடமே இல்லை, கனடாவிலிருந்து பனியோடு வந்தது. ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாக, இணையான கீறல்களோடு இருந்தது. இப்போது அது என் மேசை மேல் இருக்கிறது.

அந்தப் பக்கத்து மண்ணில் ஒரு வகைக்கு ‘மயாமி’ என்று பெயர். இந்தியானாவின் மாநில மண்ணே அதுதான். வகைப்பாட்டில் ஆல்ஃபிசால் வரிசை: மேலிருந்து களி இறங்கிக் கீழே சேர்ந்திருக்கும், சுண்ணாம்புச் சத்து முழுதும் கழுவிப் போயிருக்காது. கூடவே ‘ஃபைன் லோமி’ என்ற அடைமொழியும் உண்டு. களி 18 முதல் 35 விழுக்காடு இருந்து, நுண்மணலும் அதற்குப் பெரியதும் 15 விழுக்காடாவது இருந்தால்தான் அது கிடைக்கும். வளமான சோள நிலம்தான், ஆனால் அடியில் இறுகிய டில் வேரையும் தண்ணீரையும் தடுக்கும். மழைக்காலத்தில் அக்காவின் குழி நாள்கணக்கில் குளமாக நின்றதாம்.

சிங்கப்பூரில் பனியாறு ஏது என்று கேட்கலாம். இங்கே வரவில்லை, ஆனால் அதன் அடையாளம் எங்கள் துளைகளில் அடிக்கடி வரும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு வடக்கே பனி உச்சத்தில் இருந்தபோது கடல் 120 மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. நாம் இருக்கும் இடம் காய்ந்த தரை. அப்போது வெயிலில் காய்ந்து இறுகிய ஓர் அடுக்கு, ‘மரைன் கிளே’ எனும் கடல் களியின் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் நடுவில் இன்றும் இருக்கிறது. வெண்ணெய் மாதிரி வரும் களியில் திடீரெனக் கெட்டியாக ஒரு துண்டு வரும். அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அக்கா வீட்டுக் குழிதான் ஞாபகம் வரும். அதனால்தான் 14 வெள்ளி கொடுத்தேன், வேறு காரணம் இல்லை.

சரி, பைக்கு வருவோம். மேலாளரிடம் கேட்டுக்கொண்டு மதிய இடைவேளைகளில் சோதித்தேன். 63 மைக்ரான் சல்லடையில் கழுவியதில் 61 விழுக்காடு மேலே தங்கியது, அது மணல். மீதியைத் தண்ணீரில் கலக்கி, துகள் படியும் வேகத்தை ஹைட்ரோமீட்டரில் பார்த்தால் வண்டல் 36, களி வெறும் 3. முக்கோணப் படத்தில் வைத்தால் ‘மணல் கலந்த இருமண்பாடு’ என்ற கட்டத்துக்குள் விழும், ஆக உறையில் போட்டது முழுப் பொய் இல்லை. ஆனால் உரத்தையும் ஈரத்தையும் பிடித்து வைப்பது களியும் மக்கிய இலைதழையும்தான். இதில் ஒன்று 3 விழுக்காடு, மற்றது இல்லவே இல்லை. நனைத்து உருட்டினால் உருண்டை நிற்காமல் உதிர்ந்தது.

உறை சொல்லும் அளவு தொட்டிக்கு 50 கிராம். பத்துக் கிலோ மண்ணில் அது அரை விழுக்காடு. எந்த மண்ணின் தன்மையும் அதில் மாறாது. தழைச்சத்து கல்லில் கிடையாது என்பதையும் உறையில் எங்கும் காணோம்.

நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு விட்டேன், நன்றாகவே பொங்கியது. தண்ணீரில் கலக்கி அளந்தால் பிஹெச் 8ஐத் தாண்டியது, அதாவது காரம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அதற்குள் அம்மாவின் ஒன்பது வயதுக் கறிவேப்பிலைக்குக் கால் கிலோ போட்டுவிட்டேன். ஐந்தாவது வாரம் கொழுந்து எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சுண்ணாம்பு ஏறினால் இரும்புச் சத்து வேருக்கு எட்டாது. “நல்லா இருந்த செடிக்கு என்னப்பா பண்ணினே?” என்று அம்மா கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை. மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்து, மண்புழு உரம் போட்டேன். அம்மா வாரம் ஒருமுறை புளித்த மோர் ஊற்றினார். இப்போது வரும் கொழுந்து பச்சையாக இருக்கிறது.

வெண்டைத் தொட்டிகள் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் உறையில் சொன்ன அளவு போட்டேன். மூன்று மாதத்தில் காயிலும் உயரத்திலும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. கெடுதலும் இல்லை.

ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன், அந்த இரண்டும் தூள் சுத்தமாக, குப்பை கலக்காமல் இருந்ததற்கு. வாங்கியே தீருவேன் என்றால் முதலில் ஒரு கரண்டி தூளில் வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கினால் கறிவேப்பிலை, இக்சோரா பக்கமே கொண்டுபோக வேண்டாம். 14 வெள்ளிக்கு அதே கடையில் மண்புழு உரம் இரண்டு பை கிடைக்கிறது. நான் அடுத்த முறை அதைத்தான் வாங்கப் போகிறேன்.