உதையைக் குறைக்க எது: பிரேக்கா, காம்பென்சேட்டரா, சப்ரெஸரா, ரப்பர் பேடா?

துப்பாக்கி உதைக்கிறது என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, தோளைப் பின்னால் தள்ளும் விசை. இன்னொன்று, குழல்வாய் மேலே எகிறுவது. எது உங்களைத் தொந்தரவு செய்கிறது என்று தெரியாமல் பொருள் வாங்கினால் காசுதான் போகும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 10 கிராம் குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகிறது, அதைத் தள்ளுவது 3 கிராம் வெடிமருந்து என்று வைத்துக்கொள்வோம். .308 அளவுத் தோட்டா போடும் ரைஃபிள் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். எரிந்த மருந்தின் வாயு குண்டைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் வெளியேறுவதாக எடுத்துக்கொண்டால், மொத்த உந்தத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வாயுவுடையது. 4 கிலோ ரைஃபிளில் இது 17 ஜூல் உதையாகத் தோளுக்கு வருகிறது. குண்டின் பங்கை யாராலும் குறைக்க முடியாது. குழல்வாயில் மாட்டும் எந்தச் சாமானும் அந்த 30 சதவீதத்தோடுதான் விளையாட முடியும்.

மசில் பிரேக், அதாவது குழல்வாயில் மாட்டும் துளையுள்ள மூடி, இந்த விளையாட்டில் கில்லாடி. வாயுவைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்பக்கமாகவும் திருப்பிவிடுகிறது. வாயுவின் முன்னோக்கிய பங்கு முழுவதும் ரத்தாகிறது என்று வைத்தால், அதே ரைஃபிளின் உதை 17 ஜூலிலிருந்து 8க்கு வந்துவிடும். பாதிக்கும் கீழே! நிஜத்தில் பிரேக்குக்குப் பிரேக் வித்தியாசப்படும். ஆனால் மருந்து அதிகம் பிடிக்கும் மேக்னம் தோட்டாக்களில் பலன் பளிச்சென்று தெரியும்.

விலை காதுக்கு. பிரேக் இல்லாமலே ரைஃபிள் சத்தம் 160 டெசிபல் பக்கம் நிற்கும். செவிக்கு ஆபத்தான வரம்பாகச் சொல்லப்படுவதோ 140. பிரேக் அந்தச் சத்தத்தைச் சுடுபவர் பக்கமே திருப்பிவிடுகிறது. ரேஞ்சில் பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர் நிலைமை இன்னும் மோசம்: காற்றின் அறை நேராக முகத்தில் விழும், மேஜைமேல் விரித்த காகிதம் பறக்கும். தரையில் படுத்துச் சுட்டால் சுற்றிலும் துளை உள்ள பிரேக் புழுதியைக் கிளப்பி இலக்கையே மறைத்துவிடும். சுடும்முன் கண்ணை இறுக்கிக்கொள்ளும் பழக்கம் பலருக்குத் தோள்வலியால் வருவதில்லை, சத்தத்தால்தான் வருகிறது. அவர்களுக்குப் பிரேக் வைத்தியமே இல்லை.

காம்பென்சேட்டர் வாயுவை மேல்நோக்கி விட்டுக் குழல்வாயைக் கீழே அமுக்கும். தள்ளு பெரிதாகக் குறையாது. எகிறல் குறையும், அடுத்த குண்டுக்குக் குறி சீக்கிரம் திரும்பும். வேகப் போட்டிக்காரர்களுக்கு வேண்டியது அதுதான். ஐபிஎஸ்சி என்ற வேகத் துப்பாக்கிப் போட்டிகளின் ஓபன் பிரிவில் இது அனுமதி, புரொடக்‌ஷன் பிரிவில் கிடையாது. இங்கேயும் வாயுதான் மூலதனம். ஓபன் பிரிவில் அழுத்தம் அதிகமுள்ள .38 சூப்பர் தோட்டா பேர் வாங்கியது அதனால்தான். அழுத்தம் குறைந்த .45 ஏசிபி தோட்டாவில் அதே காம்பென்சேட்டர் மந்தமாக வேலை செய்யும். சாதாரண 9 மி.மீ. தோட்டாவில் 0.3 கிராம் சுமாருக்குத்தான் மருந்து, அதனால் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். சின்னஞ்சிறு .22 தோட்டாத் துப்பாக்கிக்கு மாட்டுவது வெறும் அலங்காரம்.

சப்ரெஸர் வாயுவை அறைகளில் அடைத்து, மெதுவாக வெளியே விடுகிறது. உதை நன்றாகவே குறையும், கூடவே அதன் எடையும் உதவும். நல்ல பிரேக் அளவுக்கு உதையைக் குறைக்காது. ஆனால் காதையும் காப்பாற்றும் சாமான் இந்த நான்கில் இது ஒன்றுதான். சத்தம் 20 முதல் 35 டெசிபல் வரை இறங்கும். அப்போதும் காதுக்கவசம் போடுவதே நல்லது. குறைகள்: துப்பாக்கி நீளும், முன்பாரம் கூடும், சில குண்டுகள் சுட்டதுமே சூடேறி ஸ்கோப்பில் கானல் ஆடும், குறி இடம் மாறும். தானியங்கி வகையில் வாயு முகத்துக்குத் திரும்பும். சட்டமும் இருக்கிறது. பின்லாந்து, நார்வேயில் வேட்டைக்காரர்கள் சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் 1934 முதல் தனிச் சட்டக் கட்டுப்பாடு. பல நாடுகளில் தனிநபருக்குக் கிடைக்கவே கிடைக்காது.

துப்பாக்கிக் கட்டையில் தோள்படும் முனையில் பொருத்தும் ரப்பர் பேட் உந்தத்தைத் துளியும் குறைப்பதில்லை. தள்ளும் நேரத்தை நீட்டி, சுரீர் என்ற குத்தை மெல்லிய அழுத்தமாக மாற்றுகிறது, அவ்வளவே. அதுவே பலருக்குப் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தடிமனான பேட் கட்டையின் நீளத்தைக் கூட்டும், கன்னம் பதியும் இடம் மாறும், ஸ்கோப்பில் கண் சரியாக விழாது.

அப்புறம், யாரும் பெருமையாகப் பேசாத எடை. அதே ரைஃபிளில் அரைக் கிலோ ஏற்றினால் 17 ஜூல் 15 ஆகிறது. சத்தம் கூடாது, புழுதி கிளம்பாது. பெஞ்சில் வைத்துச் சுடுபவருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. மலையேறும் வேட்டைக்காரருக்கு மட்டும் இது ஆகாது.

என்னைக் கேட்டால், மிதமான தோட்டாவுக்குப் பேடும் கொஞ்சம் எடையும் போதும். சட்டம் இடம் கொடுக்கும் ஊரில் சப்ரெஸருக்கே என் ஓட்டு. மேக்னம் வைத்துத் தனியாகச் சுடுபவர், காதில் இரட்டைக் கவசத்தோடு, பிரேக் வாங்கலாம். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் நடத்தும் ரைஃபிள் போட்டிக்குப் போகிறவர் பிரேக், காம்பென்சேட்டர் இரண்டையும் மறந்துவிடலாம், விதியே அனுமதிக்காது. குழல்வாயில் எதை மாட்டினாலும் கழற்றினாலும், ஸ்கோப்பை மறுபடி குறிக்குச் சரிசெய்த பிறகே அடுத்த வேலை.