ஒரே அரசர், இரண்டு ஆயர்கள்: லாங்சாம்பும் ஹியூபர்ட் வால்டரும்

முதலாம் ரிச்சர்ட் பத்தாண்டுகள் இங்கிலாந்தின் அரசராக இருந்தார். அந்த மண்ணில் அவர் தங்கிய நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் தேறுவதே அரிது. மற்ற காலமெல்லாம் சிலுவைப்போர், சிறைவாசம், பிரான்சில் சண்டை. அவர் பெயரால் நாட்டை ஆண்டவர்களில் இரண்டு ஆயர்கள் முக்கியமானவர்கள்: ஈலியின் ஆயர் வில்லியம் லாங்சாம்ப், சால்ஸ்பரியின் ஆயராக இருந்து கான்டர்பரி பேராயரான ஹியூபர்ட் வால்டர். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிர்வாகத்தில் ஹியூபர்ட் பல படி மேல். ஆனால், லாங்சாம்புக்கு ஒட்டிக்கொண்ட கெட்ட பெயரில் பாதி அவருடைய பகைவர்கள் எழுதிவைத்தது.

லாங்சாம்ப் நார்மண்டிக்காரர். 1189இல் அரச முத்திரையைக் காக்கும் சான்சலர் பதவிக்கு அவர் 3,000 பவுண்டு கொடுத்தார். இன்னொருவர் 4,000 தருவதாகச் சொல்லியும் ரிச்சர்ட் இவரையே அமர்த்தினார். அரசர் இல்லாதபோது அவருக்குப் பதிலாக ஆளும் தலைமை நீதியாளர் பதவியை டர்ஹாம் ஆயருடன் பகிர்ந்துகொள்ளச் சொன்னபோது, அந்த ஆயரையே பிடித்துவைத்துப் பதவியைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். 1190இல் திருத்தந்தையின் தூதர் என்ற அதிகாரமும் சேர்ந்தது. முத்திரை, நீதி, திருச்சபை மூன்றும் ஒரே ஆளிடம்! அவருக்கு ஆங்கிலமும் தெரியாது. உள்ளூர்ப் பிரபுக்களிடம் இணக்கமும் கிடையாது. உறவினர்களைக் கோட்டைகளில் அமர்த்தியது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது.

ஹியூபர்ட் வளர்ந்த சூழலே வேறு. இரண்டாம் ஹென்றியின் தலைமை நீதியாளர் கிளான்வில் அவருக்கு உறவினர். அந்த வீட்டிலிருந்தே நீதிமன்ற வேலையையும் கருவூலக் கணக்கையும் கற்றார். அவருடைய லத்தீன் சுமார்தான் என்று கற்றவர்கள் கேலி செய்தார்கள். ஆனால் மூன்றாம் சிலுவைப்போரில் ஆக்ரே நகர முற்றுகையின்போது பட்டினியால் வாடிய எளிய வீரர்களுக்கு வசதி படைத்தவர்களிடம் பணம் திரட்டிச் சோறு போட ஏற்பாடு செய்தவர்களில் அவர் முன்னின்றார்.

இருவரையும் ஒரே தராசில் நிறுத்த யார்க் நகரம் போதும். 1190 மார்ச்சில் அங்கே ஒரு கும்பலின் தாக்குதலுக்கு அஞ்சி யூதர்கள் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். ஏறத்தாழ 150 பேர் மாண்டார்கள். கும்பல் அத்துடன் நிற்கவில்லை. தேவாலயத்துக்குப் போய் அங்கு வைத்திருந்த, யூதர்களுக்குத் தர வேண்டிய கடன்களின் பத்திரங்களை எரித்தது. லாங்சாம்ப் படையோடு வந்தார். மாவட்டத்தின் அரச அதிகாரியான ஷெரீப்பைப் பதவியிலிருந்து நீக்கினார், நகரத்தாருக்கு அபராதம் விதித்தார். தயங்காமல் செய்தார் என்பதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

1194இல், அப்போது தலைமை நீதியாளராக இருந்த ஹியூபர்ட் அதே பிரச்சினையை வேறு முனையிலிருந்து பிடித்தார். இனி யூதர்கள் கொடுக்கும் ஒவ்வொரு கடனும் ஒரே தோல்தாளில் இரண்டு முறை எழுதி வெட்டப்பட வேண்டும். ஒரு பாதி கடன் கொடுத்தவரிடம், மறு பாதி பொதுப் பெட்டியில். பெட்டிக்கு மூன்று பூட்டுகள். ஒரு சாவி யூதர்களிடம், ஒன்று கிறிஸ்தவர்களிடம், ஒன்று அரசு எழுத்தரிடம். யூதர்கள் மீதான பரிவில் பிறந்த திட்டமல்ல இது, யூதர்களிடமிருந்து அரசருக்கு வரும் வருமானம் தீயில் போய்விடக் கூடாது என்ற கணக்கு. ஆனாலும் பத்திரத்தை எரித்துக் கடனை அழிக்கும் வழி அடைபட்டது. லாங்சாம்ப் குற்றவாளிகளைத் தேடினார், ஹியூபர்ட் குற்றத்தின் ஆதாயத்தைத் தேடி அடைத்தார்.

ஹியூபர்ட்டின் மற்ற வேலைகளிலும் இதே கை தெரிகிறது. அதே 1194இல் மாவட்டந்தோறும் மூன்று நைட்டுகளும் ஓர் எழுத்தரும் தேர்ந்தெடுக்கப்பட்டு அரசு வழக்குகளைப் பதிவு செய்ய ஏற்பாடாயிற்று. மரண விசாரணை நடத்தும் கரோனர் பதவி அங்கிருந்துதான் வருகிறது. ஷெரீப்புகள் தம் மாவட்டத்திலேயே நீதிபதியாக இருக்கத் தடை வந்தது. 1195 முதல் நிலத் தகராறுச் சமரசங்கள் ஒரே தோலில் மூன்று முறை எழுதப்பட்டன. இரு தரப்புக்கும் ஒவ்வொன்று, அடியில் உள்ள மூன்றாவது கருவூலத்துக்கு. வெட்டு வளைந்து நெளிந்து போகும்; துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் போலி. அந்த அடித்துண்டுகள் இன்றும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

விசுவாசத்தில் மட்டும் லாங்சாம்புக்கே என் வாக்கு. தலைமை நீதியாளர் பதவி பறிபோய் நாடுகடந்த பிறகும், 1193இல் ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த ரிச்சர்டைத் தேடிப் போய் 1,50,000 மார்க் மீட்புத்தொகைப் பேச்சில் பங்கெடுத்தார். 1197இல் இறக்கும்வரை சான்சலராகவே இருந்தார். பெண் வேடத்தில் டோவரிலிருந்து தப்ப முயன்று மீனவரிடம் மாட்டிக்கொண்டார் என்ற கதையைப் பரப்பியவர் அவரது பரம எதிரியான கோவென்ட்ரி ஆயர் என்பதை மறக்கக் கூடாது.

ஹியூபர்ட்டின் மீது எனக்குள்ள மனத்தாங்கல் 1196ஆம் ஆண்டைப் பற்றியது. லண்டனில் வரிச்சுமை ஏழைகள் தலையில் விழுகிறது என்று குரல் எழுப்பிய வில்லியம் பிட்ஸ் ஆஸ்பர்ட், மேரி-லெ-போ தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார். பேராயரின் ஆட்கள் தீ வைத்து அவரை வெளியேற்றித் தூக்கிலிட்டார்கள். 1191இல் லாங்சாம்பின் ஆட்கள் டோவர் மடத்திலிருந்து யார்க் பேராயர் ஜெப்ரியை இழுத்து வந்தபோது நாடே கொதித்தது. அடுத்த மாதமே லாங்சாம்ப் வீழ்ந்தார். ஜெப்ரி அரசரின் தந்தைக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன், அரசருக்குச் சகோதரர். பிட்ஸ் ஆஸ்பர்ட்டுக்கு அப்படி யாரும் இல்லை. எரிந்த தேவாலயம் கான்டர்பரி துறவிகளுக்குரியது என்பதால் புகார் ரோம் வரை போயிற்று. ஆனாலும் ஹியூபர்ட் 1198வரை தலைமை நீதியாளர் பதவியில் நீடித்தார். 1199இல் ஜான் அரசரானதும் சான்சலராகத் திரும்பி வந்து, 1205இல் இறக்கும்வரை முத்திரையைக் கையில் வைத்திருந்தார்.