கிங்கை எங்கிருந்து தொடங்குவது: வாஷிங்டனா, பர்மிங்காமா, மெம்ஃபிஸா?

போன கோடை விடுமுறையில் அண்ணன் மகளும் அவளுடைய தோழிகள் மூன்று பேரும் என் வீட்டில் ஒரு வாரம் இருந்தார்கள். எல்லோருக்கும் 14, 15 வயது. மார்ட்டின் லூதர் கிங் யார் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "கறுப்பினத் தலைவர், நோபல் பரிசு வாங்கினார், சுட்டுக் கொன்னுட்டாங்க" என்றார்கள். மூன்றும் சரிதான். ஆனால் அதற்குள் ஒரு மனிதர் இல்லை.

அந்த மனிதரைக் காட்ட எதை முதலில் படிக்கக் கொடுப்பது? என் கையில் மூன்று இருந்தன: 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் அவர் ஆற்றிய உரை, அதே ஆண்டு ஏப்ரலில் அலபாமா மாநிலத்து பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம், 1968 ஏப்ரல் 3 இரவு மெம்ஃபிஸில் பேசிய கடைசி உரை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெம்ஃபிஸ் பக்கம்.

வாஷிங்டன் உரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுமார் இரண்டரை லட்சம் பேர், லிங்கன் நினைவகம், "எனக்கொரு கனவு". பாதிப் பிள்ளைகள் அதைப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தவர்கள். சிக்கலே அதுதான். தெரிந்த பாட்டைக் கேட்பது போலக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மேடையில் அவருக்குப் பின்னாலிருந்து பாடகி மஹாலியா ஜாக்சன் "அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று குரல் கொடுத்தார் என்றும், கிங் எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டுப் பேசினார் என்றும் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அது நான் சொன்ன கதை. உரைக்குள் அவர் தயங்கும் இடமே கிடையாது.

பர்மிங்காம் கடிதம் மூன்றிலும் ஆழமானது. அதில் ஓர் இடம் என்னை எப்போதும் உலுக்கும். ஆறு வயது மகள், தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்த கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று கேட்கிறாள். கறுப்பினக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை என்று அப்பா சொல்ல வேண்டும். சொல்ல நா எழவில்லை. பிள்ளைகளுக்கு அது உடனே புரிகிறது. ஆனால் அந்தப் பத்தியைத் தாண்டினால், போராட்டத்தைக் குறை சொன்ன எட்டு வெள்ளை மதகுருமார்களின் அறிக்கைக்குப் பதில், அகஸ்டின், அக்வினாஸ் போன்ற பழைய கிறித்தவ ஞானிகள் என்று போகிறது. ஒவ்வொரு வரிக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணோடுதான் இதை முழுதாகப் படித்திருக்கிறேன், அவள் விரும்பினாள். ஒருவரை வைத்து எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது.

மெம்ஃபிஸுக்கு வருகிறேன். பின்னணி நான்கு வரியில் அடங்கிவிடும். அந்தப் பிப்ரவரியில் இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள், மழைக்கு ஒதுங்கிய குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்காக வந்திருந்தார் கிங். ஏப்ரல் 3 இரவு புயல் மழை, உடம்பும் அசதி, கூட்டத்துக்கு நண்பர் அபர்நாதியை அனுப்பிவிட்டு அறையிலேயே தங்கிவிட்டார். காத்திருந்த கூட்டத்தைப் பார்த்த அபர்நாதி போன் செய்து கூப்பிட, கிளம்பி வந்தார். குறிப்பு எதுவும் இல்லாமல் பேசினார்.

உரையின் கடைசிப் பகுதிதான் நான் சொல்லவரும் இடம். 1958இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், தன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மனநலம் குன்றிய ஒரு பெண் தன் மார்பில் குத்தியதை நினைவுகூர்கிறார். கத்தியின் முனை பெருந்தமனியைத் தொட்டு நின்றிருந்தது. ஒரு தும்மல் போட்டிருந்தால் உயிர் போயிருக்கும் என்று பத்திரிகையில் வந்தது. அமெரிக்க ஜனாதிபதி தந்தி அனுப்பினார், துணை ஜனாதிபதி அனுப்பினார். அவர்கள் எழுதியது மறந்துபோயிற்று என்கிறார். மறக்காதது ஒரு கடிதம்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி எழுதியது. நீங்கள் தும்மாமல் இருந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று.

என் எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் ஒன்பதாம் வகுப்புதான். யாரும் பேசவில்லை. தும்மினால் "நூறாயுசு" என்று சொல்லும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியே வரவில்லை. தும்மியிருந்தால் 1960இல் மாணவர்கள், கறுப்பினத்தவருக்கு இடம் தராத உணவகங்களில் உட்கார்ந்து போராடியதைப் பார்த்திருக்க மாட்டேன், 1963இல் என் கனவைச் சொல்லியிருக்க மாட்டேன் என்று அவர் அடுக்கிக்கொண்டே போகும்போது, போராட்ட வரலாறு முழுக்க ஒரு தும்மலின் வழியாக அவர்களுக்குள் போய்விட்டது.

நான் மெம்ஃபிஸைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: பயம். இந்த வயதுப் பிள்ளைகள் பெரிய மனிதர்களைப் பற்றி உள்ளுக்குள் கேட்பது "இவருக்குப் பயமே வராதா?" என்பதைத்தான். வராது என்று தோன்றிவிட்டால், சரி, இவர் வேறு ஜாதி மனிதர், நம்மால் முடியாது என்று ஒதுங்கிவிடுவார்கள். மெம்ஃபிஸில் அவர் மறைக்கவில்லை. தான் பயணிப்பதால் அன்று காலை விமானத்தைச் சோதனை போட வேண்டியிருந்தது, ஊருக்குள் வந்தால் மிரட்டல்கள் காதில் விழுகின்றன என்கிறார். எல்லோரையும் போல நீண்ட நாள் வாழ ஆசைதான் என்கிறார். ஆசையை ஒப்புக்கொண்ட பிறகுதான், இப்போது அதைப் பற்றிக் கவலையில்லை என்கிறார். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. துணிச்சலை மட்டும் காட்டியிருந்தால் அது சிலைதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. மனிதர் என்றால் குறைகளும் உண்டு. கணவராக அவர் குறையற்றவர் அல்ல என்பதையும், அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அவருடைய அறைகளில் ஒட்டுக்கேட்டு அதை வைத்தே அவரை உடைக்கப் பார்த்தது என்பதையும் சுருக்கமாகச் சொன்னேன். பெரிய பெண்களாக இருந்ததால் கேட்டுக்கொண்டார்கள். 12 வயதுப் பிள்ளையிடம் சொல்வேனா என்றால், இப்போதைக்கு மாட்டேன்.

கடைசியாக மறுநாள் கதையையும் சொன்னேன். ஏப்ரல் 4 பிற்பகல், லொரைன் மோட்டல் அறையில் நண்பர் ஆண்ட்ரூ யங் மேல் கிங் தலையணையை வீச, கூட இருந்தவர்களும் சேர்ந்துகொண்டு சின்னப் பையன்கள் போல அடித்து விளையாடியிருக்கிறார்கள். மாலை ஆறு மணி தாண்டியதும் மாடி வராந்தாவில் நின்றவரைச் சுட்டுவிட்டார்கள். வயது 39.

"அப்பாவை விடச் சின்னவரா அத்தை?" என்றாள் அண்ணன் மகள்.

ஆமாம், நாலு வயது சின்னவர். அன்று ராத்திரி வாஷிங்டன் உரையை அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.