கிணற்றுக்கும் கடலுக்கும் எந்த மேக்ரோ: 60-ஆ, 105-ஆ?

கோவை, ஈரோடு பக்கமிருந்து கடலடிப் படத்துக்கு லென்ஸ் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, லென்சுக்கும் உயிரிக்கும் நடுவே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைத்தான். நிக்கான் 60 மி.மீ. மேக்ரோவை (சின்ன உயிரிகளை ஒட்டிப்போய் எடுக்கும் லென்ஸ்) 1:1 வரை, அதாவது உயிரி சென்சாரில் அதன் உண்மை அளவிலேயே விழும்வரை, கொண்டுபோனால் சென்சாரிலிருந்து 18.5 செ.மீ.யில் ஃபோகஸ் விழும். லென்ஸ் முகப்புக்கு முன்னால் மிஞ்சுவது சுமார் 5 செ.மீ. 105-க்கு 31.4 செ.மீ., மிஞ்சுவது சுமார் 15.

மன்னார் வளைகுடாபோல் கலங்கிய தண்ணீருக்கு 60. நடுவில் மிதக்கும் தூசு குறைவு, ஸ்ட்ரோப் (கடலடி ஃபிளாஷ்) வெளிச்சத்தில் வெள்ளைப் புள்ளி தெறிப்பதும் குறைவு. ஆனால் அவ்வளவு ஒட்டிப் போனால் போர்ட்டின் (கேமரா உறையில் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிப் பகுதி) நிழலே உயிரிமேல் விழும். ஸ்ட்ரோப்பை போர்ட்டின் விளிம்புக்கே இழுத்துவைக்க வேண்டும். கூச்ச சுபாவமுள்ள மீன் வளைக்குள் போய்விடும்.

அந்தமான்போல் தெளிந்த தண்ணீருக்கு 105. தட்டைக் கண்ணாடி போர்ட்டுக்குப் பின்னால் அது 140 போல நடக்கும். கிராப் சென்சாரில் (முழு ஃப்ரேமைவிடச் சின்னது) பார்வைக் கோணம் இன்னும் குறுகும். ஃபோகஸ் விளக்கு இல்லாவிட்டால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். ஃபோகஸைப் பூட்டிவிட்டு உடம்பை அரை அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்திப் பிடிப்பதே வழி. f/16, 1/160, ஐஎஸ்ஓ 200-இல் தொடங்கலாம். போர்ட்டின் முன்னால் மாட்டும் +10 வெட் லென்ஸும் (தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றும் உருப்பெருக்கி) 105-க்குத்தான் பலன் தரும்; 60-இல் இருக்கிற 5 செ.மீ.யும் போய்விடும். வெட் லென்ஸைத் தண்ணீருக்குள் ஒருமுறை கழற்றி மாட்டாவிட்டால் இடையில் சிக்கிய குமிழி படத்தைக் கெடுக்கும்.

கிராப் கேமராவும் முதல் லென்ஸுமானால் 60 போதும். 105-ஐ அவசரப்பட்டு வாங்கிவிட்டு அலமாரியில் வைப்பவர்களும் உண்டு.

பழக்கத்துக்குத் தோட்டத்துக் கிணறு நல்ல இடம். மோட்டாரை நிறுத்தி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒருவர் நிற்கட்டும். பத்து ரூபாய் நாணயத்தைப் படியில் சாய்த்துவைத்து, வெள்ளியும் மஞ்சளும் சேரும் கோடு கூராக வரும்வரை எடுங்கள். நாணயம் 27 மி.மீ.; முழு ஃப்ரேம் கேமராவில் அதன் மேலும் கீழும் ஒன்றரை மி.மீ. வீதம் வெட்டுப்பட்டால் 1:1-ஐத் தொட்டுவிட்டீர்கள்.

மிதக்காமலிருக்க உடம்பில் கட்டும் ஈய எடை கிணற்றில் சரியாக நின்றாலும் கடலில் பத்தாது. உப்புத் தண்ணீர் 2.5 சதவீதம் கனம். ஆளும் கருவியும் சேர்ந்து 100 கிலோ என்றால் இன்னும் இரண்டரைக் கிலோ ஈயம் கட்ட வேண்டும்.

ஹவுசிங்கை (கேமராவின் நீர்புகா உறை) ஏசி அறையில் மூடுங்கள். புழுக்கக் காற்றோடு மூடினால் குளிர்ந்த தண்ணீரில் போர்ட்டின் உள்பக்கம் பனி பிடிக்கும். மூடும் முன் ஓ-ரிங்கை (உறையின் இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையம்) விரலால் தடவிப் பாருங்கள். ஒரு முடி கிடந்தாலும் தண்ணீர் உள்ளே வரும்.